மெயில் போகுது… பாஸ்வேர்டும் சேர்ந்து போகுதா?

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஜூலை மாதத்தின் கடைசி வாரம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கெடு நெருங்கும் அந்த நாட்களில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. எனக்கும் அன்று மாடிப்படிதான் கிடைத்தது. உள்ளே இருந்த பெரிய ஜெராக்ஸ்-ஸ்கேனர் மெஷின் காலையிலிருந்து மெயில் அனுப்ப மறுத்துக்கொண்டிருந்தது. காகிதத்தை வாங்குகிறது, வெளிச்சம் ஓடுகிறது, கடைசியில் சின்னத் திரையில் ‘அனுப்ப முடியவில்லை’ என்று வந்து நிற்கிறது. அவர்கள் கணக்கு வைத்திருந்த மெயில் நிறுவனம், பழைய முறையில் உள்ளே வருகிற கருவிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது. அதைப் பற்றி முன்கூட்டியே வந்த அறிவிப்பு மெயில் யாராலும் திறக்கப்படாமல் கிடந்தது.

மெஷின் சர்வீஸ் பையன் வந்தான். வேறொரு ஹோஸ்டிங் கம்பெனியில் இருந்த அலுவலகக் கணக்கை மெஷினில் போட்டான். பாதுகாப்பு என்ற இடத்தில் ‘எஸ்எஸ்எல்’ என்று வைத்தான், போகவில்லை. அதற்கு அடுத்ததை வைத்தான், போகவில்லை. மூன்றாவதாக ‘இல்லை’ என்பதை வைத்தான். ‘டிங்’ என்று மெயில் வந்து விழுந்தது.

“ரெடி சார். போகுது.”

கணக்கெழுதும் அம்மாவின் லேப்டாப்பிலும் அதே செட்டிங்கைப் போட்டுவிட்டுப் போனான். அவன் தேர்ந்தெடுத்த அந்த ‘இல்லை’ எது இல்லை என்பதைச் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மெயில் சர்வர்களோடு பல வருடமாக மல்லுக்கட்டிவரும் நண்பர் ஒருவருடன் அங்கே போக நேர்ந்தது. பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆடிட்டரிடம் அனுமதி கேட்டு, அந்த லேப்டாப்பில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். கம்பியில் போகிற வருகிற எல்லாவற்றையும் அப்படியே காட்டுவது அதன் வேலை. “ஒரு மெயில் அனுப்புங்கம்மா” என்றார். திரையில் வரிகள் ஓடின. நடுவில் புரியாத 12 எழுத்துகள்: வி, எக்ஸ், என், எல் என்று தொடங்கின.

“இது என்ன தம்பி, சங்கேத பாஷையா?”

“சங்கேதமெல்லாம் இல்ல சார். பேஸ்-64. பேரை வேற எழுத்துல எழுதி வச்ச மாதிரி. ‘யூசர்நேம் என்ன?’னு சர்வர் கேக்குது, அவ்வளவுதான்.”

அடுத்தடுத்த வரிகளை எடுத்து ஒரு சின்னக் கட்டளையில் போட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை. அலுவலகத்தின் பெயர், அதற்குப் பின்னால் 1, 2, 3. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி… பேங்க்குக்கும் இதையேதான் வச்சிருக்கேன்.”

யார் என்றே கேட்காத தபால்காரர்

இந்தக் கூத்துக்கு வேர் ரொம்பப் பழையது. மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி-யை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டபோது, அதில் ‘நீ யார்?’ என்ற கேள்வியே இல்லை. அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். வந்த மெயிலை எடுக்கப் பயன்பட்ட பாப், ஐமேப் இரண்டும் பாஸ்வேர்டு கேட்டன. ஆனால் அது வெட்டவெளியில்தான் போனது. 1990களில் யாருடைய சர்வர் வழியாகவும் யாரும் குப்பை மெயில் அனுப்பலாம் என்றான பிறகுதான் விழித்தார்கள். வாடிக்கையாளர்கள் மெயில் கொடுப்பதற்கென்று தனி வாசலாக 587 என்ற போர்ட் 1998 டிசம்பரில் வந்தது. அனுப்புபவரிடம் பாஸ்வேர்டு கேட்கும் வசதியும், பேச்சை நடுவழியில் பூட்டிக்கொள்ளும் ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ வசதியும் 1999-இல் விதிமுறையாயின.

எல்லாமே பிறகு ஒட்டவைத்தவை. அதனால்தான் உங்கள் மெயில் செட்டிங்ஸில் இத்தனை தேர்வுகள்.

ரெண்டும் வேற வேற

அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘இணைப்புப் பாதுகாப்பு’. இன்னொன்று ‘அடையாளம் காட்டும் முறை’. முக்கால்வாசிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கட்டம் கேட்பது: நாம் பேசுகிற பாதை மூடியிருக்கிறதா? இரண்டாவது கேட்பது: அந்தப் பாதையில் எதைக் காட்டி ‘நான்தான்’ என்று நிரூபிக்கப் போகிறாய்? பாஸ்வேர்டையா, டோக்கன் என்ற அனுமதிச் சீட்டையா? பாதை மூடியிருந்தால் சாதாரண பாஸ்வேர்டு முறையும் வழியில் கசியாது. பாதை திறந்திருந்தால் 20 எழுத்தில் வைத்த பாஸ்வேர்டும் தெருவில் கிடக்கிற பாஸ்வேர்டுதான்.

தண்டர்பேர்டு இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. பாதுகாப்பு ‘இல்லை’ என்று வைத்த உடனே, கீழே ‘சாதாரண பாஸ்வேர்டு’ என்றிருந்த வார்த்தையை மாற்றி, ‘பாதுகாப்பின்றி அனுப்பப்படும் பாஸ்வேர்டு’ என்ற பொருளில் எழுதிக் காட்டும். முகத்துக்கு நேரே சொல்லும் எச்சரிக்கை. அதையும் தாண்டி ‘ஓகே’ அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவசரம் அப்படி.

அதே கட்டத்தில் ‘குறியாக்கப்பட்ட பாஸ்வேர்டு’ என்றும் ஒன்று இருக்கும். பேரைப் பார்த்து அதுதான் உசத்தி என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டை நேராக அனுப்பாமல், சர்வர் கொடுக்கும் புதிருக்கு அதை வைத்து விடை சொல்லும் பழைய முறை அது. கிராம்-எம்டி5 என்று பெயர், 1997-இல் வந்தது. பாஸ்வேர்டு தப்பிக்கலாம், மெயில் தப்பிக்காது. பாதை திறந்திருந்தால் கடிதம் முழுவதையும் வழியில் இருப்பவர் படிக்கலாம்.

பெட்டிச் செய்தி: எந்த எண், என்ன அர்த்தம்?

993: ஐமேப், தொடக்கத்திலிருந்தே பூட்டியது.
995: பாப், தொடக்கத்திலிருந்தே பூட்டியது.
465: மெயில் அனுப்ப, தொடக்கத்திலிருந்தே பூட்டியது.
587: மெயில் அனுப்ப, திறந்து தொடங்கிப் பிறகு பூட்டுவது. ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டாயம் என்று இருந்தால் சரி.
143, 110: ஐமேப், பாப் ஆகியவற்றின் பழைய வாசல்கள். பாதுகாப்பு ‘இல்லை’ என்றிருந்தால் உடனே மாற்றுங்கள்.
25: சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல். உங்கள் போனில் இந்த எண் இருக்கவே கூடாது.

‘கிடைத்தால் பூட்டு’

ஒரு காலத்தில் தண்டர்பேர்டிலேயே ‘டிஎல்எஸ் இருந்தால்’ என்ற தேர்வு இருந்தது. கேட்க நல்ல ஏற்பாடு போலத்தான் தெரியும். பூட்டு கிடைத்தால் போடு, கிடைக்காவிட்டால் பரவாயில்லை, திறந்தே போ. பிற்பாடு வந்த பதிப்புகளில் அதைத் தூக்கிவிட்டார்கள். காரணம் இருக்கிறது.

ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையில் முதல் சில வரிகள் திறந்த பேச்சு. ‘எனக்குப் பூட்டத் தெரியும்’ என்று சர்வர் சொல்வதே அந்தத் திறந்த பேச்சில்தான். நடுவில் ஒருவன் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டால்? சர்வருக்குப் பூட்டத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்து, மெயில் மென்பொருள் பாஸ்வேர்டைத் திறந்தபடி கொடுத்துவிடும். இது வெறும் கற்பனை இல்லை. சில ஃபயர்வால் கருவிகள் அந்தக் கட்டளையின் மேல் எக்ஸ் எக்ஸ் என்று அடித்து அனுப்பியது ஆவணமாகியிருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சர்வருக்கும் சர்வருக்கும் இடையே நடக்கும் பேச்சில் இதே தில்லுமுல்லை அளந்து பார்த்தது. துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த மெயில்களில் 96 சதவீதத்தில் பூட்டு கழற்றப்பட்டிருந்தது.

2021-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 28 மெயில் மென்பொருள்களையும் 23 சர்வர் மென்பொருள்களையும் எடுத்து, ஸ்டார்ட்-டிஎல்எஸ் இடத்தில் மட்டும் குடைந்து பார்த்தது. 40-க்கும் மேற்பட்ட ஓட்டைகள். திறந்த பேச்சிலிருந்து பூட்டிய பேச்சுக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்பதை மென்பொருள்கள் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. முடிந்தவரை அதை விட்டுவிட்டு, முதல் எழுத்திலிருந்தே பூட்டிப் பேசும் முறைக்குப் போங்கள் என்பது அவர்களின் சிபாரிசு.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பூட்டிப் பேசும் 465 வாசல் 1997-லேயே ஒதுக்கப்பட்டது. ஸ்டார்ட்-டிஎல்எஸ்தான் எதிர்காலம் என்று சொல்லிச் சீக்கிரமே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேறொரு காரியத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் உலகம் கேட்கவில்லை. 465-ஐப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி 8314 என்ற ஆவணம், 465-ஐயே பயன்படுத்துங்கள் என்று திரும்பி வந்தது. இருபது வருடச் சுற்று!

பூட்டு போட்டால் மட்டும் போதாது, எதிரே இருப்பது சரியான ஆளா என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சான்றிதழ். ‘இந்தச் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை, தொடரலாமா?’ என்று மென்பொருள் கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சிறு நிறுவனங்கள் பலவற்றில் இது நித்தியக் காட்சி. ஹோஸ்டிங் கம்பெனியின் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான பேர் குடியிருப்பார்கள். சான்றிதழ் கம்பெனி பெயரில், செட்டிங்ஸில் எழுதியிருப்பது உங்கள் டொமைன் பெயர். எச்சரிக்கை வரும். ‘அது அப்படித்தான் வரும், ஓகே குடுங்க’ என்று கஸ்டமர் கேரே சொல்லிக் கொடுக்கும். உண்மையான திருடன் வரும் நாளிலும் அதே எச்சரிக்கைதான் வரும், அதே ஓகே-தான் விழும். சில ஆண்ட்ராய்டு மெயில் ஆப்களில் ‘எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்’ என்றே ஒரு தேர்வு உண்டு. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, யார் வந்தாலும் விடு என்று சொல்வதைப் போல. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. இன்னும் பெயர் பொருந்தாத சான்றிதழோடு மெயில் சேவை விற்பவரிடம் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கட்சி.

தேடிப் போய்க் கொடுத்த பாஸ்வேர்டுகள்

செட்டிங்ஸெல்லாம் நமக்கு எதற்கு, முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளாதா? கண்டுபிடிக்கும். மைக்ரோசாஃப்ட் உலகில் அதற்கு ‘ஆட்டோடிஸ்கவர்’ என்று பெயர். உங்கள் மெயில் முகவரியில் இருக்கும் டொமைன் பெயரை எடுத்து, அதற்கு முன்னால் ‘ஆட்டோடிஸ்கவர்’ என்று சேர்த்து, அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டும். பதில் இல்லையென்றால் வேறு சில முகவரிகளில் தட்டும். அங்கும் இல்லையென்றால்? சில மென்பொருள்கள் உங்கள் நிறுவனத்தின் பெயரையே கழற்றிவிட்டு, ‘ஆட்டோடிஸ்கவர் டாட் காம்’ என்பது போன்ற முகவரிக்குப் போயின. அது உங்கள் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய முகவரி.

வாங்கினார் ஒருவர். கார்டிகோர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் அமித் செர்பர். பிரேசில், சீனா, பிரான்ஸ், இந்தியா எனப் பல நாட்டுப் பின்னொட்டுகளோடு ‘ஆட்டோடிஸ்கவர்’ பெயர்களைப் பதிவு செய்து, ஒரு சர்வரை வைத்துவிட்டுச் சும்மா காத்திருந்தார். யாருடைய கணினிக்குள்ளும் அவர் நுழையவில்லை. கணினிகள் தாமாக வந்து தட்டின. தட்டிய கையோடு பாஸ்வேர்டையும் நீட்டின. 2021 ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 25 வரை வந்து விழுந்தவை 3,72,072 விண்டோஸ் டொமைன் லாகின்கள். மின் நிலையங்கள், முதலீட்டு வங்கிகள், உணவுத் தயாரிப்பு நிறுவனங்கள் என்று பட்டியல் நீண்டது. பாதுகாப்பான டோக்கன் முறையில் வந்த மென்பொருள்களிடம்கூட, ‘எனக்குப் பழைய முறைதான் தெரியும்’ என்று சர்வர் சொல்லிப் பார்த்தது. பழைய முறைக்கே அவற்றை இறக்க முடிந்தது. செய்தி வெளியான பிறகு, மிச்சமிருந்த அந்தப் பெயர்களை மைக்ரோசாஃப்ட் அவசரமாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

மதுரை மெஷின் முன்னால் நின்ற சர்வீஸ் பையனும் இந்த மென்பொருளும் செய்தது ஒரே காரியம். முதல் வழி அடைத்திருந்தால் ஒரு படி இறங்கு. அதுவும் அடைத்திருந்தால் இன்னொரு படி. எப்படியாவது ‘போகணும்’. பையனையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். மென்பொருள் இறங்கிப் போனதை யாரிடமும் சொல்வதில்லை.

ஓடிபி-யைக் கேட்காத பின்வாசல்

‘என் கணக்கில் ஓடிபி போட்டிருக்கிறேன், எனக்கென்ன?’ என்று கேட்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஓடிபி, முன்வாசலில், அதாவது பிரவுசரில் நுழையும்போது கேட்கும். பழைய முறை ஐமேப்பும் பாப்பும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுவிடும். இரண்டாவது கேள்வி கேட்க அவற்றில் இடமே கிடையாது. திருடர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே பாஸ்வேர்டை ஆயிரக்கணக்கான கணக்குகளில் போட்டுப் பார்க்கும் தாக்குதல்களில் 99 சதவீதத்துக்கு மேல் இந்தப் பழைய பின்வாசல் வழியாகத்தான் நடக்கின்றன என்று 2020-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அதனால் பெரிய நிறுவனங்கள் பின்வாசலை அடைக்கத் தொடங்கின. தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் வெறும் பாஸ்வேர்டு வழியை கூகுள் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரிலேயே செய்வதாக இருந்தது; கொரோனா வந்து தள்ளிப்போய், 2022 அக்டோபர் 1-இல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஆரம்பித்தது. அப்போதும் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி-க்கு மட்டும் விலக்கு. ஏன்? நம் ஆடிட்டர் அலுவலக மெஷினைப் போல உலகம் முழுக்க ஸ்கேனர்களும், பில் அனுப்பும் கணக்கு மென்பொருள்களும், அலாரம் அனுப்பும் ஜெனரேட்டர்களும் அந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த விலக்கை நீக்கும் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது.

அடைத்த வாசலுக்குப் பதிலாக வந்தது ஓஆத். ரேஷன் கடைக்குப் பையனை அனுப்பும்போது பீரோ சாவியையா கொடுத்தனுப்புகிறோம்? கார்டையும் பையையும் மட்டும்தானே? ஓஆத்தும் அப்படித்தான். மெயில் ஆப் உங்களை கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்கே கூட்டிப்போகும். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் அங்கே. ஆப்-பின் கையில் கிடைப்பது மெயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு டோக்கன். போன் தொலைந்தால் அந்தப் போனின் அனுமதியை மட்டும் ரத்து செய்யலாம். இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ‘அனுமதி கொடு’ என்று கேட்கும் ஆப் திருட்டு ஆப்-பாக இருந்தால் நாமே கார்டையும் பையையும் எடுத்துக் கொடுத்தவர்களாகிறோம். திரையில்லாத மெஷின்களால் லாகின் பக்கத்தைத் திறக்கவே முடியாது. அவற்றுக்காக கூகுள் 16 எழுத்தில் ‘ஆப் பாஸ்வேர்டு’ தருகிறது. சென்னையின் ஜோஹோவிலும் இந்த ஏற்பாடு உண்டு. இதற்கும் ஓடிபி கிடையாதுதான். ஆனாலும் அது பேங்க் பாஸ்வேர்டாக இருக்க வாய்ப்பில்லை, வேண்டாதபோது தனியாக அழித்துவிடலாம்.

உள்ளே வந்தவன் என்ன செய்கிறான்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, படித்துக்கொண்டிருக்கிறான். யாருக்கு எப்போது பணம் போகிறது, பில் எந்த வடிவத்தில் இருக்கிறது, முதலாளி எப்படி எழுதுவார் என்று பார்க்கிறான். வருகிற மெயில்களின் பிரதி தனக்கும் வருமாறு ஃபார்வர்டு விதி ஒன்றைப் போட்டு வைக்கிறான். சரியான நாளில், பழைய பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறான். வணிக மெயில்களை வைத்து நடக்கும் இந்த வகை மோசடியில் 2024-இல் மட்டும் தன்னிடம் புகாரான இழப்பு சுமார் 277 கோடி டாலர் என்கிறது அமெரிக்காவின் எஃப்பிஐ. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் போட்ட ஃபார்வர்டு விதி அழியாது. அதைத் தேடிப் பிடித்துத்தான் நீக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், 2025 தொடக்கத்தில் ஷேடோசர்வர் அமைப்பு இணையத்தைத் துழாவியபோது, பூட்டே இல்லாமல் பாப் சேவை தந்த சர்வர்கள் சுமார் 33 லட்சம் தென்பட்டன.

பெட்டிச் செய்தி: இன்று இரவு, பத்து நிமிஷம்

போனிலும் கணினியிலும் மெயில் கணக்கின் செட்டிங்ஸைத் திறந்து, வருகிற சர்வர், போகிற சர்வர் இரண்டின் எண்களையும் பாருங்கள். வருவதைச் சரி செய்துவிட்டு அனுப்புவதை மறப்பவர்கள் அதிகம்.

ஓஆத் தேர்வு இருந்தால் அதையே வையுங்கள்.

‘இல்லை’ என்று இருந்தால் வரிசை முக்கியம். முதலில் பூட்டு, பிறகு பாஸ்வேர்டு. பூட்டாமல் பாஸ்வேர்டை மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதே வழியில்தான் போகும்.

ஃபார்வர்டு விதிகளைப் பாருங்கள். நீங்கள் போடாத விதி இருந்தால் நீக்குங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ஓகே கொடுக்காமல், மெயில் சேவை கொடுப்பவரிடம் சரியான சர்வர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் என்ன ஆனது?

ஆடிட்டரின் ஹோஸ்டிங் கணக்கில் 465 வாசல் ஒழுங்காகத்தான் இருந்தது. லேப்டாப்பில் அதை வைத்ததும் போனது. மெஷினில் மட்டும் போகவில்லை. நண்பர் அரைமணி நேரம் அதன் மெனுக்களில் அலைந்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார்: அதற்குத் தெரிந்தது டிஎல்எஸ் என்ற பூட்டு முறையின் 1.0 பதிப்பு மட்டும். அந்தப் பதிப்பை 2021 மார்ச்சிலேயே அதிகாரபூர்வமாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்வர் அதோடு பேச மறுத்தது. சர்வீஸ் பையன் ‘எஸ்எஸ்எல்’ வைத்தபோது போகாததும் அதனால்தான். சர்வர் மறுத்தது சரி. அதை மீறித் திறந்த வழியில் போனதுதான் தப்பு.

“புது மெஷின் வாங்கணும்னா ரெண்டு லட்சம் ஆகும் தம்பி.”

“வேணாம் சார். மெஷின்லேர்ந்து மெயில் மட்டும் வேணாம். பென் டிரைவுல ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. அம்மா லேப்டாப்புலேர்ந்து அனுப்பட்டும்.”

அந்த மெஷின் இப்போதும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் ஒரு பென் டிரைவோடு. பேங்க் பாஸ்வேர்டை ஆடிட்டர் அன்று மாலையே மாற்றிவிட்டார்.